நரம்பு கடித்த பல்: பாம்பன் மீனவர் ஒருவருக்குப் போட்ட இரண்டு பீங்கான் உறைகள்

"டாக்டரம்மா, நரம்பு கடிபட மாட்டேங்குது."

நோயாளி சொல்லும் முதல் குறையை அவர் வார்த்தையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித் தருவார்கள். எழுதிவைத்தேன். எழுதிய பிறகுதான் எனக்குக் குழப்பம். பல் டாக்டருக்கு நரம்பு என்றால் பல்லுக்குள் இருப்பது. அவருக்கு நரம்பு என்றால் நைலான் தூண்டில் கயிறு, வலை பின்னுவது. கிழிந்த வலையைப் பொத்தும்போது முடிச்சுப் போட்டு மீதியை முன்பல்லில் வைத்து ஒரு சுண்டு. முப்பது வருஷமாக அப்படித்தான் அறுத்து வந்திருக்கிறார். இப்போது முன்பல் உடைந்துவிட்டதால் நரம்பு பிடிமானம் இல்லாமல் வழுக்குகிறது. அதைச் சரிசெய்து தரத்தான் வந்திருந்தார். கீழே ஒரு கடைவாய்ப்பல் சீழ் வைத்து, கன்னம் லேசாக வீங்கியிருந்ததை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார். "அது கெடக்கு, ரெண்டு மாசமா வரும் போகும்."

வயது 48. பாம்பன் பக்கம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், அதற்கு முன் நாட்டுப்படகில் இருந்தவர். பெயரும் தெருவும் போடாமல் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். வந்தது ஏப்ரல் கடைசி வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். இந்தக் கடற்கரையில் பல் மருத்துவம் பார்க்கிற எவரும் அந்த இரண்டு மாதத்துக்காகக் காத்திருப்போம். மற்ற நாட்களில் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவரை நான்கைந்து முறை தொடர்ந்து நாற்காலியில் உட்காரவைப்பது லேசான காரியமில்லை. ஆனால் தடைக்காலத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை இந்த ஒருவரிடம்தான் கற்றேன். படகு நிற்கும் மாதங்கள்தான் வலை பொத்தும் மாதங்கள். கடல் ஓய்வெடுக்கும்போது இவர் பல் இரட்டிப்பாக வேலை பார்க்கிறது.

வாயில் பார்த்தது

மேல் முன்பற்கள் நடுவில் இரண்டு. இடப்பக்கத்துப் பல் குறுக்குச் சாய்வாக உடைந்து, ஒரு ஓரம் ஈறுக்கு மேல் 3 மில்லிமீட்டரும் மறு ஓரம் 6 மில்லிமீட்டருமாக நின்றது. உடைந்த முகத்தின் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கரும்புள்ளி, அதாவது உள் நரம்பு வரை திறந்து செத்துப்போயிருந்தது. இதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு தடவை பல் நிறப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். இரண்டும் சில வாரம்கூடத் தாங்கவில்லை. ஒட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒட்டிவிட்டு "எதனால உடைஞ்சது?" என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. (இதைக் கடைசியில் நானும் முழுதாகக் கேட்கவில்லை என்று தெரியவரும்.)

வலப்பக்கத்து முன்பல்லில் கடிக்கும் விளிம்பில் ஒரு வெட்டு. கிணற்று விளிம்பில் கயிறு உரசி உரசி விழுந்த தடம் மாதிரி வழவழப்பான பள்ளம், ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். கீழே நேர் எதிர்ப் பல்லிலும் அதற்கு இணையாக ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கடிக்கச் சொன்னால் நடுவில் ஒரு நூல் போகிற சின்ன ஜன்னல் தெரிந்தது. தையல்காரர், ஆணியைப் பல்லில் கவ்விக்கொள்ளும் தச்சர், இவர்களிடமும் இதே பள்ளம் விழும். பல்லைப் பார்த்துத் தொழிலைச் சொல்லிவிடலாம்.

கீழ் வலப்பக்கம் முதல் கடைவாய்ப்பல்லில் பழைய வெள்ளி அடைப்பு. நாக்குப் பக்கச் சுவர் அடைப்போடு பெயர்ந்து போய்விட்டது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். மற்றபடி ஈறில் கொஞ்சம் காரை, வெற்றிலைக் கறை. ரத்த அழுத்தம் 150/96, மருத்துவரிடம் அனுப்பி மாத்திரை தொடங்கிய பிறகே பெரிய வேலை எதையும் தொட்டேன்.

எதற்கு உறை, எதற்கு வேண்டாம்

அவர் கேட்டது இரண்டு. "கடவாப்பல்ல புடுங்கிருங்க. முன்னாடி ரெண்டுக்கும் சேத்து கேப் போட்டுருங்க, ஒரே மாதிரி இருக்கும்." நான் இரண்டுக்கும் நேர் எதிராகத்தான் முடிவெடுத்தேன்.

கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. வேர்கள் கெட்டியாக இருந்தன, ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் கிடைத்தது. உறை நிற்குமா நிற்காதா என்பதை முடிவுசெய்வது அந்த 2 மில்லிமீட்டர்தான். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை மாதிரி உறையின் அடிவிளிம்பு நல்ல பல்லை வளைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்க இடமில்லாமல் வெறும் அடைப்பின் மேல் உட்காரவைத்த உறை ஒருநாள் வேரையும் பிளந்துகொண்டு வரும். இங்கே இடம் இருந்தது. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லை உறையில்லாமல் விட்டால், ஏற்கனவே சுவர் பெயர்ந்த பல் மிச்சச் சுவரிலும் பிளக்கும். மெல்லும்போது ஒவ்வொரு முகடும் தனித்தனியாக வெளிப்பக்கம் வளையும். உறை எல்லா முகடுகளையும் ஒன்றாகக் கட்டி வைக்கிறது. அந்தக் கட்டு இல்லாமல் வெறும் அடைப்போடு விடப்பட்ட பற்களைத்தான் நாங்கள் அதிகம் பிடுங்குகிறோம்.

இடப்பக்க முன்பல்லுக்கு உறை வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஒட்டு இரண்டு முறை பெயர்ந்துவிட்டது, நரம்பு செத்துவிட்டது, பாதிக்கு மேல் பல் இல்லை.

வலப்பக்க முன்பல்தான் சிக்கல். உறை போட்டால் இரண்டும் ஜோடியாக இருக்கும், நிறம் பொருத்துவதும் சுலபம். ஒற்றை முன்பல்லுக்கு நிறம் பொருத்துவது பல் மருத்துவத்திலேயே கடினமான வேலைகளில் ஒன்று. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தப்பித்துவிடலாம். வருமானமும் இரட்டிப்பு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் முழு உறைக்காக ஒரு முன்பல்லைச் சுற்றிலும் செதுக்கினால் ஈறுக்கு வெளியே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூளாகிப் போகும். அந்தப் பல் உயிரோடு இருந்தது, குளிர்ச்சி வைத்தால் சட்டென்று உணர்ந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளத்துக்காக மூன்றில் இரண்டு பங்கை இழப்பது கூரையில் ஓர் ஓடு உடைந்ததற்கு வீட்டையே இடித்துக் கட்டுவது போலாகும். எனாமல் ஒருமுறை போனால் போனதுதான். உடம்பில் எலும்பு கூடும், தோல் வளரும், எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. அதனால் அந்தப் பல்லுக்குப் பசை அடைப்பு மட்டும். பெயர்ந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாம். செதுக்கியதைத் திரும்ப வைக்க முடியாது.

உறை போட்டுச் சிரிப்பை மாற்றித் தருகிறோம் என்று நல்ல பற்களை வரிசையாகச் செதுக்கும் வழக்கம் பரவி வருகிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளைகள்கூடக் கல்யாணத்துக்கு முன் கேட்டு வருகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

வேர் சிகிச்சை

"நரம்பை எடுக்கணும் அண்ணே" என்றேன். அவர் வாயைத் தடவிப் பார்த்து, "மாட்டிக்கிட்டு இருக்கா?" என்றார். அன்று முதல் அவரிடம் நரம்பு என்று சொல்வதை விட்டு, 'பல்லுக்குள்ள இருக்கிற சதை' என்றே சொன்னேன்.

கடைவாய்ப்பல்லில் முதல் நாள் திறந்து, சீழை வெளியேற்றி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடினேன். பத்து நாளில் வீக்கம் வடிந்திருந்தது. இரண்டாம் வருகையில் கட்டாபெர்ச்சா வைத்து வேர்களை அடைத்தேன். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகச் சுற்றியதும் இந்த மரப்பால்தான். உப்புத் தண்ணீர் புகாது என்பதால் அன்று கடலுக்குள் போனது, இன்று பல்லுக்குள் போகிறது. முன்பல்லின் வேரை ஒரே அமர்வில் முடித்தேன். மேலே பிடிமானத்துக்காக வேருக்குள் ஒரு கண்ணாடியிழைத் தண்டு வைத்து, சுற்றிப் பசையால் கட்டையை எழுப்பினேன்.

அளவெடுத்த நாள்

அன்று அவர் மனைவியும் கூட வந்திருந்தார். பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிய தடம் வெள்ளையாக இருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் அறுத்து வரும் பெண்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு.

உறைகளுக்கான அளவைச் சிலிக்கான் ரப்பரில் எடுத்தேன், அது மிகத் துல்லியமாக நிற்கும். எதிரில் கடிக்கும் பற்களுக்கு அல்ஜினேட் போதும். பொடியைத் தண்ணீரில் குழைத்தபோது அந்த அக்கா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "இது என்ன டாக்டரம்மா, சுண்ணாம்பா?"

"உங்க கட்டக்கோரைதான் அக்கா."

நம்பவில்லை. விளக்கிச் சொன்னேன். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் இருக்கும் பொருள்தான் அல்ஜினேட். அதைப் பிரித்தெடுத்துக் கால்சியம் உப்போடு கலந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகும். அதற்கு முன் பல் அளவுக்குப் பயன்பட்டது அகர், மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகர்தான். அந்தக் காலத்தில் அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்றுபோக, அல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. கேட்டுவிட்டு அவர் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "நான் முங்கி எடுக்கிறத கிலோவுக்கு எவ்வளவுக்குப் போடுறாக, இங்க வாய்க்குள்ள போட்டு எவ்வளவு வாங்குறாக பாரு." பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

செதுக்கல் பற்றிச் சுருக்கமாக. கடைவாய்ப்பல்லுக்குச் சிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான். அதற்கு மேல்பக்கம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும், வளைத்து உடைக்க ஏறக்குறைய 1000 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வேண்டும். முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் கண்ணாடிப் பீங்கான். அதன் வலிமை 400 அளவில்தான், ஆனால் ஒளியை உள்ளே விட்டு வெளியே விடும் விதத்தில் எனாமலுக்கு நெருக்கமானது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பழைய வகை உறை இவற்றைவிட மலிவு. பல ஊர்களில் இன்றும் அதுவே அதிகம் போடப்படுகிறது, நன்றாகவும் உழைக்கிறது. முன்பல்லில் மட்டும் ஈறு கொஞ்சம் இறங்கினால் அடியில் கறுப்புக் கோடு தெரியும். பீங்கானை மட்டும் வைத்துச் செய்த முதல் உறைகள் இன்றைக்கு நூறு வருஷத்துக்கும் பழையவை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர் 1889இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். அந்தக் காலப் பீங்கான் அழகாக இருந்தது, ஆனால் எளிதில் உடைந்தது. அதன் பிறகு நடந்த மாற்றமெல்லாம் அந்த உடைசலைக் குறைக்கும் முயற்சிதான்.

நிறம் பார்ப்பதை நாற்காலியில் உட்கார்ந்த உடனே செய்ய வேண்டும். வாயைத் திறந்து வைத்து அரை மணி நேரம் வேலை செய்தால் பல் காய்ந்து வெளுத்துக் காட்டும். டியூப்லைட்டை நம்பக் கூடாது. கிளினிக் வாசலில், காலை பத்து மணி வெளிச்சத்தில், கடல் பக்கம் பார்க்காமல் நிற்கவைத்து 16 நிறங்கள் உள்ள அட்டவணையைப் பிடித்துப் பார்த்தேன். A3.5. வெற்றிலைக் காவி ஏறிய மஞ்சள். அதோடு பக்கத்துப் பல்லில் இருந்த மெல்லிய பழுப்பு விரிசல் கோட்டையும் படம் எடுத்து, மதுரையில் உறை செய்து தரும் கூடத்துக்கு அனுப்பினேன்.

நடுவில் நடந்தவை

உறை வரும் வரை தற்காலிகமாக அக்ரிலிக்கில் ஒன்று செய்து ஒட்டியிருந்தேன். நான்காம் நாள் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சில் அந்தத் தற்காலிக உறை, விளிம்பில் நூல் தடம். "ஒரே ஒரு முடிச்சுதான் டாக்டரம்மா." திரும்ப ஒட்டினேன்.

அடுத்தது என் பிழை. உறை வந்தது, வைத்துப் பார்த்தோம். வெளியே கையில் பார்த்தால் நிறம் சரியாக இருந்தது, பல்லில் உட்கார்ந்ததும் சாம்பல் பூத்தது. செத்த பல்லின் கட்டை கறுத்திருந்ததால் ஒளி ஊடுருவும் பீங்கான் அந்தக் கறுப்பை வெளியே காட்டியது. கூடத்துத் தம்பியைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், உள்ள இருக்கிற கட்டையோட கலர் அனுப்பலியே?" பக்கத்துப் பல்லின் நிறத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்தவள் உள்ளே இருக்கும் கட்டையைப் படம் எடுக்க மறந்திருந்தேன். ஒளி குறைவாக விடும் பீங்கான் கட்டியில் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். ஒரு வாரம் தாமதம், கூடத்துச் செலவு என் கணக்கில்.

இரண்டாவது உறை சரியாக உட்கார்ந்தது. விரிசல் கோட்டைக்கூட மெல்லிய தூரிகையில் வரைந்து சுட்டிருந்தார்கள். அக்கா பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "காசு குடுத்து மஞ்சளாவா வாங்குறது? பால் மாதிரி வேணாமா?" கண்ணாடியைக் கொடுத்து, "எது போட்ட பல்லு, சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்து வலப்பக்கத்தைக் காட்டினார். அது அவர் கணவரின் சொந்தப் பல்.

கடைவாய்ப்பல்லை ரெசின் கலந்த கண்ணாடி அயனோமர் சிமெண்டில் ஒட்டினேன். முன்பல் உறையின் உட்புறத்தை அமிலத்தால் அரித்து, பீங்கானும் சிமெண்டும் ஒட்ட உதவும் சைலேன் திரவம் தடவி, ரெசின் சிமெண்டில் ஒட்டினேன். கடிபடும் இடத்தைக் காட்டும் நீலத்தாளைக் கடிக்கவைத்து, தாடையை முன்னே தள்ளும்போது முன்பல் உறை மட்டும் தனியாகப் பாரம் தாங்காதபடி விளிம்பைச் சரிசெய்தேன். அது ஜூன் முதல் வாரம். தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தது.

சொல்லி அனுப்பியவை: பல்பொடியை விரலால் தேய்க்காமல் மென்மையான பிரஷ், உறைக்கும் ஈறுக்கும் நடுவே தினமும் சுத்தம். பீங்கானுக்குச் சொத்தை வராது, ஆனால் அது முடிகிற விளிம்பில் இருக்கும் பல்லுக்கு வரும். உறைகள் பழுதாவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். கடைசியாக ஒரு நகவெட்டியைக் கயிற்றில் கட்டி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, "இனிமே நரம்ப இதால வெட்டுங்க. கேப் போட்ட பல்லால கடிக்கவே கூடாது" என்றேன். அதில் எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி எனக்கு.

பிறகு

ஒரு மாதத்தில் வந்தார், கடலுக்குப் போகாத ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு உறைகளும் நன்றாக இருந்தன. நகவெட்டி உப்புக் காற்றில் துருப்பிடித்து வாய் திறக்காமல் கழுத்தில் தொங்கியது. ஆறாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தேன். கடைவாய் வேர் நுனியில் இருந்த கறுப்பு வட்டம் பாதிக்கு மேல் சுருங்கி, எலும்பு நிரம்பத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கமே மெல்கிறார், நண்டுக் காலை உடைப்பதுகூட அந்தப் பக்கம்தானாம். உறைகளின் விளிம்பில் குறையில்லை. வலப்பக்க முன்பல்லின் அடைப்பும் அப்படியே இருந்தது.

விளக்கைக் கொஞ்சம் திருப்பியபோது உறைக்கு அடுத்த பல்லின் விளிம்பில் ஒரு பளபளப்பு தெரிந்தது. விரல்நகத்தை வைத்து இழுத்தேன், தட்டியது. புதிதாக ஒரு பள்ளம், அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

"அண்ணே, இது என்ன?"

"நீங்க சொன்ன மாதிரி கேப் போட்ட பல்ல தொடவே இல்ல டாக்டரம்மா. பக்கத்துப் பல்லுலதான் கடிக்கிறேன்."

சத்தியமாக, சொன்னதைச் சொன்னபடி கேட்ட நோயாளி அவர். பள்ளத்தை மெருகேற்றி, பசையால் நிரப்பினேன். தையல்காரர்கள் வைத்திருக்கும் துருப்பிடிக்காத நூல்வெட்டி இரண்டு ராமநாதபுரத்திலிருந்து வாங்கி வரச்சொல்லி, ஒன்றை அவரிடமும் இன்னொன்றை அவர் படகில் வலை பொத்தும் பையனுக்கு என்றும் கொடுத்தேன். அவர் போன பிறகு, உறை போட்டவர்களுக்குத் தரும் தாளை எடுத்து மூன்றாவது வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'எந்தப் பல்லாலும் நரம்பு கடிக்கக் கூடாது.'